மூன்றாம் பிரபுவும் ஆறாம் பிரபுவும் அண்ணன் தம்பி

சென்னை மாகாணத்தின் ஆங்கிலேய ஆளுநர்கள் பட்டியலில் இரண்டு பெயர்கள் என்னை நெடுநாள் குழப்பியிருக்கின்றன. 1891 முதல் 1896 வரை ஆளுநராக இருந்தவர் வென்லாக் பிரபு. ஊட்டிக்குப் போகிறவர்கள் பார்க்கிற வென்லாக் டவுன்ஸ் புல்வெளி அவர் பெயரில்தான் இருக்கிறது. வரலாற்று நூல்கள் அவரை ‘3ஆம் பாரன் வென்லாக்’ என்று எழுதும். பாரன் என்பது பிரித்தானியப் பிரபுப் பட்டங்களில் ஒன்று. 1906 முதல் 1911 வரை ஆளுநராக இருந்தவர் சர் ஆர்தர் லாலி. அவரைச் சில நூல்கள் ‘6ஆம் பாரன் வென்லாக்’ என்கின்றன. மூன்றாமவரின் மகன் நான்கு, பேரன் ஐந்து, கொள்ளுப்பேரன் ஆறு என்றுதான் நம் மனம் கணக்குப் போடும். ஆனால் முதலாமவர் பதவியை விட்டுப் போனதற்கும் அடுத்தவர் வந்து அமர்ந்ததற்கும் இடையே பத்தே ஆண்டுகள். பத்து ஆண்டில் கொள்ளுப்பேரன் எப்படி வந்து மாகாணத்தை ஆள முடியும்?

அவர்கள் இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. 2ஆம் பாரன் 1880இல் இறந்தபோது பட்டம் மூத்த மகன் பெய்ல்பி லாலிக்கு வந்தது. அவர்தான் மூன்றாமவர், நம் ஊருக்கு வந்த வென்லாக் பிரபு. அவருக்கு மகள் உண்டு, மகன் இல்லை. இந்தப் பட்டமோ ஆண் வழியில் மட்டுமே இறங்கும். எனவே 1912இல் அவர் இறந்ததும் தம்பி ரிச்சர்டு நான்காமவர் ஆனார். ரிச்சர்டு 1918இல் இறக்க, அடுத்த தம்பி அல்ஜெர்னன் ஐந்தாமவர். அவர் ஒரு பாதிரியார். 1931இல் அவரும் போன பிறகு, எழுபது வயதைத் தொட்டிருந்த கடைசித் தம்பி ஆர்தர் ஆறாமவர் ஆனார். 3, 4, 5, 6 என்ற நான்கு எண்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் முடிந்துவிட்டன. ஆர்தர் சென்னையில் ஆளுநராக இருந்த காலம் முழுவதும் அவருக்கு அந்த எண்ணும் கிடையாது, ‘பிரபு’ என்ற பட்டமும் கிடையாது. ‘6ஆம் பாரன்’ என்பது இருபது ஆண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த ஒரு குடும்பத்தை விளங்கிக்கொண்ட பிறகுதான், பிரித்தானியப் பிரபுக்களின் பெயருக்குப் பின்னால் வருகிற எண்ணை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். அந்த எண் ஆளின் தலைமுறையைச் சொல்வதில்லை. ஒரு பட்டம் சட்டத்தின் கண்ணில் எத்தனை கை மாறியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் அதற்குள் போர், மரண தண்டனை, வழக்கு, குண்டுவீச்சு, 275 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு சொற்றொடர் என்று எவ்வளவோ புதைந்திருக்கிறது.

முதலில் அரசர்களுக்கு எண் போடுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசர்களை எண்ணுவது பெயரை வைத்து. மூன்றாம் சார்லஸ் என்றால் அந்த அரியணையில் சார்லஸ் என்ற பெயரில் அமர்ந்தவர்களில் மூன்றாமவர். இடையில் வந்த ஜேம்ஸ், ஆன், ஜார்ஜ், விக்டோரியா யாரும் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். பிரபுக்களை எண்ணுவது நம் ஆதீனங்களில் ‘27ஆவது குருமகா சந்நிதானம்’ என்று சொல்வதைப் போன்றது. பீடத்தில் அமர்ந்தவர்கள் எல்லாரையும் பெயர் பார்க்காமல் வரிசையாக எண்ணுவது. வெலிங்டன் டியூக்குகளையே பாருங்கள். முதலாமவர் ஆர்தர், இரண்டாமவரும் ஆர்தர், மூன்றாமவர் ஹென்றி, ஏழாமவர் ஜெரால்டு, இன்றைய ஒன்பதாமவர் சார்லஸ். பெயர் எதுவானாலும் எண் ஏறிக்கொண்டே போகும்.

அதே வரிசையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. 6ஆம் டியூக் ஹென்றி 1943இல் இத்தாலியின் சலெர்னோ போர்முனையில் கொல்லப்பட்டார். வயது 31, மணமாகாதவர். பட்டம் அவருடைய சித்தப்பா ஜெரால்டுக்குப் போனது. ஆக, ஏழாமவர் ஆறாமவரின் சித்தப்பா. எண் ஒரு படி ஏறியது, தலைமுறை ஒரு படி பின்னுக்குப் போனது.

அடுத்த கேள்வி, எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பது. டியூக், மார்க்வெஸ், ஏர்ல், விஸ்கவுண்ட், பாரன் என்று மேலிருந்து கீழாக ஐந்து படிகள். இவற்றில் எந்தப் பட்டமும் பெரும்பாலும் அரசர் முத்திரையிட்டுத் தரும் பட்டயம் ஒன்றால்தான் பிறக்கிறது. அந்தப் பட்டயத்தில், இன்னாருக்கும் அவருக்குப் பின் இன்ன வழி வாரிசுகளுக்கும் என்று எழுதியிருக்கும். எண் அந்தப் பட்டயத்துக்குச் சொந்தம். வாரிசு அற்றுப்போனால் பட்டயமும் அதோடு சரி. பின்னால் வேறோர் அரசர் அதே ஊர்ப் பெயரில் இன்னொருவருக்குப் புதிதாகப் பட்டம் கொடுத்தால், பழைய கணக்கு தொடராது. மறுபடி ஒன்றிலிருந்துதான்.

வென்லாக்கிலேயே இதற்கும் சான்று இருக்கிறது. 1461இல் ஜான் வென்லாக் என்பவர் பாரன் ஆனார். 1471இல் டியூக்ஸ்பரி போர்க்களத்தில் அவர் விழுந்தார், பட்டம் அவரோடு அழிந்தது. 360 ஆண்டுகள் கழித்து, 1831இல், சர் ராபர்ட் லாலிக்கு அதே பெயரில் பாரன் பட்டம் தரப்பட்டது. அவர் பிள்ளை இல்லாமல் 1834இல் இறந்தார். மறுபடி அழிவு. 1839இல் அவருடைய தம்பி பாலுக்கு மீண்டும் புதிதாக ஒரு பட்டயம் எழுதப்பட்டது. அண்ணன் ராபர்ட்டும் ‘1ஆம் பாரன் வென்லாக்’, தம்பி பாலும் ‘1ஆம் பாரன் வென்லாக்’, போர்க்களத்தில் மாண்ட ஜானும் ‘1ஆம் பாரன் வென்லாக்’. மூன்று பேருமே முதலாமவர்கள், மூன்று பட்டயங்களுக்கு. நம் ஆளுநர்கள் இருவரும் பாலின் பேரன்கள். ராபர்ட்டின் பட்டயம் அவருடைய தம்பிகளுக்கும் போகும்படி எழுதப்பட்டிருந்தால் நடுவிலிருந்த சகோதரர் பிரான்சிஸ் இரண்டாமவராகவும், பால் மூன்றாமவராகவும், ஊட்டிப் புல்வெளிக்குப் பெயர் தந்தவர் ஐந்தாமவராகவும் ஆகியிருப்பார்கள்.

ஒரே ஆள் பல முறை முதலாமவர் ஆவதும் உண்டு. 1919 முதல் 1924 வரை சென்னையிலிருந்து ஆண்டு, பிறகு வைஸ்ராயாகவும் வந்த வில்லிங்டன் பிரபு 1910இல் பாரன், 1924இல் விஸ்கவுண்ட், 1931இல் ஏர்ல், 1936இல் மார்க்வெஸ் என்று படிப்படியாக ஏறினார். ஒவ்வொரு படியும் தனிப் பட்டயம், ஒவ்வொன்றிலும் அவர் முதலாமவர். மகன் நான்கிலும் இரண்டாமவராக இருந்து 1979இல் இறந்தார், நான்கும் அற்றன. கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்தவர் கதை இன்னும் சுருக்கம். ராபர்ட் பர்க், 1887இல் 1ஆம் பாரன் கன்னிமாரா ஆனார், 1902இல் இறந்தார். இரண்டாமவர் என்று ஒருவர் வரவே இல்லை. அந்தப் பட்டத்தின் பெயரை இன்று தினமும் உச்சரிக்கிறவர்கள் சென்னையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள்தான்.

எண்ணே இல்லாத பிரபுக்களும் இருக்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு எர்ஸ்கின் ஆஸ்பத்திரியைத் தெரியும், இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை. அந்தப் பெயருக்குரிய எர்ஸ்கின் பிரபு 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநர். 1937இல் இராசாசியின் அமைச்சரவை பதவியேற்றது இவர் காலத்தில்தான். எந்த நூலைத் திறந்தாலும் இவருக்கு ‘எர்ஸ்கின் பிரபு’ என்றுதான் இருக்கும். முன்னால் ‘3ஆம்’, ‘5ஆம்’ என்று எதுவும் வராது. அச்சுப்பிழையோ என்று தேட வேண்டாம். அவர் சட்டப்படி பிரபுவே இல்லை. அவருடைய அப்பாதான் பிரபு.

ஏர்லும் அதற்கு மேற்பட்டவர்களும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டங்கள் வைத்திருப்பார்கள். மேலான பட்டத்தை அவர் புழங்குவார். கீழே இருக்கும் பட்டங்களில் ஒன்றை மூத்த மகன் அப்பா உயிரோடு இருக்கும்வரை மரியாதைக்காகப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெயர் மகன் வாயில், உரிமை அப்பா கையில். உரிமை கைமாறாததால் எண்ணும் கிடையாது. எர்ஸ்கினின் அப்பா மார், கெல்லி என்ற இரண்டு ஏர்ல் பட்டங்களுக்குச் சொந்தக்காரர். பட்டம் உண்மையில் தன்னுடையது இல்லை என்பதால்தான் எர்ஸ்கின் பிரபு பிரபுக்களுக்கு அன்று இடமில்லாத காமன்ஸ் சபைத் தேர்தலில் நின்று உறுப்பினராகவும் இருக்க முடிந்தது. அவர் 1953இல் காலமானார். அப்பா அவருக்குப் பின்னும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 1955இல் போனார். பட்டம் நேரே பேரனுக்கு இறங்கியது. மாகாணத்தையே ஆண்ட மனிதர், தன் குடும்பத்துப் பட்டியலில் எண் இல்லாமலே நின்றுவிட்டார்.

அந்த அப்பாவைக் குறிக்கும்போது ‘12ஆம் மார் ஏர்ல், 14ஆம் கெல்லி ஏர்ல்’ என்று இரட்டை எண் போடுவார்கள். இரண்டு பட்டங்கள் இரண்டு வழியில் வந்து ஒரு குடும்பத்தில் சேர்ந்தவை என்பதால் எண்களும் இரண்டு. இதில் மார் பட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. 1866இல் அன்றைய ஏர்ல் பிள்ளையில்லாமல் இறந்தார். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பட்டங்களில் ஒன்றான மார், பெண் வழியிலும் இறங்கக் கூடியது என்று சகோதரி மகன் உரிமை கோரினார். பங்காளியான கெல்லி ஏர்லோ, ஆண் வழியில் தனக்கே வரவேண்டும் என்றார். 1875இல் பிரபுக்கள் சபை ஒரு முடிவு சொன்னது. பழைய மார் பட்டம் எப்போதோ அழிந்துவிட்டது, இப்போது இருப்பது 1565இல் ஸ்காட்லாந்து அரசி மேரி புதிதாகக் கொடுத்தது, அது ஆண் வழிக்கே உரியது என்றது அந்த முடிவு. கெல்லி வென்றார். மக்கள் பலருக்கு இது அநியாயமாகப் பட்டது. 1885இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்று போட்டு, பழைய மார் பட்டமும் உயிரோடுதான் இருக்கிறது என்று சகோதரி மகனுக்கு அதைத் திருப்பித் தந்தது. அன்றிலிருந்து மார் என்ற பெயரில் இரண்டு ஏர்ல் பட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றில் 31ஆவதாக ஒரு பெண்மணி, மற்றதில் 14ஆவதாக ஒரு ஆண். இந்த 31ஆம் கவுண்டஸ் (ஏர்ல் பட்டத்தின் பெண்பால்) 2020 வரை பிரபுக்கள் சபையில் உறுப்பினராகவும் இருந்தார். எண்களுக்கு நடுவே இருக்கிற இந்தப் பதினேழு இடைவெளி, ஒரு பட்டம் எந்த நாளில் பிறந்தது என்ற சச்சரவின் தழும்பு.

பட்டம் எப்போது பிறந்தது என்பதைவிட, இடையில் செத்திருந்ததா உயிரோடு இருந்ததா என்ற கேள்விதான் எண்களை அதிகம் ஆட்டிவைக்கிறது. இரண்டு குடும்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நார்ஃபோக் டியூக் பட்டம் 1483இல் ஜான் ஹோவர்டுக்குத் தரப்பட்டது. 1397இல் மோப்ரே குடும்பத்துக்குத் தரப்பட்ட இதே பெயர்ப் பட்டம் நான்கு பேரோடு முடிந்துபோனது, அந்தக் கணக்கு தனி. ஹோவர்டு 1485இல் பாஸ்வர்த் போர்க்களத்தில் ரிச்சர்டு மன்னர் பக்கம் நின்று இறந்தார். வென்ற மன்னர் அவரைத் துரோகி என்று அறிவித்துப் பட்டத்தைப் பறித்தார். மகன் ஸ்காட்லாந்துப் படையை ஃப்ளாடனில் முறியடித்த பிறகு 1514இல் அது திரும்பி வந்தது, அவர் இரண்டாமவர். 3ஆம் டியூக்கின் தலை தப்பியதே அதிசயம். எட்டாம் ஹென்றி அவருக்கு மரண தண்டனைக்கு நாள் குறித்துவிட்டு, அதற்கு முந்தின இரவு தானே இறந்துபோனார். பட்டம் இழந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த டியூக் 1553இல் இங்கிலாந்தில் மேரி அரசியானதும் வெளியே வந்தார், பட்டமும் வந்தது. 4ஆம் டியூக் அவருடைய பேரன். ஸ்காட்லாந்து அரசி மேரிக்காகச் சதி செய்தார் என்று 1572இல் அவருக்குத் தலை போனது, பட்டமும் போனது.

5ஆம் டியூக் எப்போது வருகிறார் தெரியுமா? 1660இல். நடுவே 88 ஆண்டுகள். அந்த வீட்டில் அந்த 88 ஆண்டுகளில் மூன்று தலைமுறை ஆண்கள் வாழ்ந்து இறந்திருக்கிறார்கள். நான்காமவரின் மகன் பிலிப் கத்தோலிக்க நம்பிக்கைக்காக லண்டன் கோபுரச் சிறையிலேயே உயிர்விட்டு, பிற்காலத்தில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டவர். அவர் மகன் தாமஸ், ஐரோப்பா முழுக்கச் சிற்பமும் ஓவியமும் தேடிச் சேர்த்த பெரிய கலை ரசிகர். இந்த இருவருக்கும், தாமஸின் மகனுக்கும் நார்ஃபோக் வரிசையில் எண் கிடையாது. சட்டத்தின் பார்வையில் அந்த 88 ஆண்டுகள் அப்படி ஒரு பட்டமே உலகில் இல்லை, இல்லாத பட்டத்துக்கு யாரை எண்ணுவது? ஐந்தாமவராக எண்ணப்பட்டவரோ மனநலம் குன்றி இத்தாலியின் பதுவா நகரில் அடைந்து கிடந்தவர். வாழ்ந்தபோது குடும்பத்தைத் தாங்கிய மூவரையும் விட்டு அவரிடம்தான் எண் போய் நின்றது. இன்று அந்த வரிசையில் இருப்பவர் 18ஆம் டியூக்.

இப்போது டெவன். எட்வர்டு கோர்ட்னி என்ற இளைஞருக்கு 1553இல் மேரி அரசி டெவன் ஏர்ல் பட்டம் கொடுத்தார். மூன்றே ஆண்டுகளில், 1556இல், அவர் மணமாகாமலே இறந்தார். அவர் இறந்ததும் பதுவாவில்தான். பிள்ளை இல்லை, பட்டம் அற்றது என்று எல்லாரும் எண்ணினார்கள். அரசும் அப்படியே எண்ணியது. அந்தத் துணிவில்தான் 1618இல் கேவண்டிஷ் குடும்பத்துக்கு டெவன்ஷயர் ஏர்ல் பட்டம் தரப்பட்டது, அது பிறகு டியூக் பட்டமும் ஆனது. டெவன் மாவட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் டார்பிஷயரில் டெவன்ஷயர் டியூக்குகள் வாழ்வதற்குப் பின்னால் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது.

275 ஆண்டுகள் ஓடிவிட்டன. கோர்ட்னி குடும்பத்தின் தூரத்துக் கிளை ஒன்று பௌடரம் கோட்டையில் இருந்தது. அதன் தலைவர் 3ஆம் விஸ்கவுண்ட் கோர்ட்னி. அவர் சார்பில் பழைய பட்டயத்தை மறுபடி எடுத்துப் படித்தார்கள். வழக்கமாகப் பட்டயங்களில் ‘அவர் உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ என்று இருக்கும். 1553இன் பட்டயத்தில் ‘அவருடைய ஆண் வாரிசுகளுக்கு’ என்று மட்டும் இருந்தது. ‘உடலில் பிறந்த’ என்ற சொற்கள் இல்லை. அப்படியானால் பெற்ற பிள்ளை வேண்டியதில்லை, ஆண் வழிப் பங்காளி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் போதும். 1831இல் பிரபுக்கள் சபை இதை ஏற்றது. பட்டம் அழியவே இல்லை, இத்தனை காலமும் உயிரோடுதான் இருந்திருக்கிறது என்று ஆனது.

அப்படித் தீர்ப்பு வந்ததும் விஸ்கவுண்ட் 2ஆம் ஏர்ல் ஆகவில்லை. 9ஆம் ஏர்ல் ஆனார். பட்டம் தொடர்ந்து உயிரோடு இருந்திருக்கிறது என்றால், 1556க்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் தலைவராக இருந்த ஒவ்வொருவரும் தமக்கே தெரியாமல் டெவன் ஏர்லாக இருந்திருக்கிறார்கள். இரண்டு முதல் எட்டு வரை ஏழு எண்கள், இறந்து அடக்கமாகிவிட்ட ஏழு பேருக்குப் போய்ச் சேர்ந்தன. தம்மை யாரும் ஒரு நாளும் ‘டெவன் பிரபுவே’ என்று அழைத்துக் கேட்டிராத ஏழு மனிதர்கள்! நார்ஃபோக்கில் ஊரறிய வாழ்ந்த மூவருக்கு எண் இல்லை. டெவனில் தாம் ஏர்ல் என்றே அறியாதவர்களுக்கு எண் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் எண்ணின் இயல்பு முழுசாகப் பிடிபடுகிறது.

இரண்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் 11ஆம் லோவாட் பிரபு, ஸ்டூவர்ட் இளவரசருக்காக நடந்த கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக 1747இல் லண்டனில் தலை வெட்டப்பட்டார். பிரித்தானியாவில் அந்த முறையில் கொல்லப்பட்ட கடைசி மனிதர் அவர்தான். பட்டம் பறிபோனது. அவருடைய இரண்டு மகன்கள் பட்டம் இல்லாமலே வாழ்ந்து மறைந்தார்கள். 1857இல் பறிப்பு ரத்தாகிப் பட்டம் உறவினர் ஒருவருக்குத் திரும்பியது. அவர் பன்னிரண்டாமவரா, பதினான்காமவரா? இரண்டு மகன்களை எண்ணாவிட்டால் 12, எண்ணினால் 14. இந்த இரண்டு எண் வித்தியாசம் இன்றுவரை தீரவில்லை. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் பைப் இசைக்காரரோடு கமாண்டோ படையைக் கரையேற்றிய லோவாட் பிரபுவைச் சில நூல்கள் 15ஆம் பிரபு என்கின்றன, சில 17ஆம் பிரபு என்கின்றன. இரண்டும் ஒரே ஆள்தான். பழைய பட்டங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் எண் மாறியிருக்கிறதே என்று பதறி, இரண்டு ஆட்களாக எண்ணிவிடக் கூடாது.

பெண்கள் தம் சொந்த உரிமையில் பட்டம் பெற்றால் அவர்களும் வரிசையில் சேர்வார்கள். மவுண்ட்பேட்டனுக்கு மகன் இல்லை. அவருடைய பட்டயத்திலேயே மகள்களுக்குப் போகும்படி எழுதியிருந்ததால், 1979இல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பாட்ரிசியா 2ஆம் கவுண்டஸ் ஆனார், 2017இல் அவர் மகன் 3ஆம் ஏர்ல். கணவர் வழியில் வருகிற மரியாதைப் பட்டத்துக்கு எண் இல்லை. மேலே சொன்ன வெலிங்டன் வீட்டிலும் ஒரு பெண் எண்ணை மாற்றியிருக்கிறார். நெப்போலியன் போரில் செய்த உதவிக்காக ஸ்பெயின் நாடு முதல் டியூக்குக்கு சியூதாத் ரோத்ரிகோ டியூக் என்ற பட்டமும் தந்திருந்தது. ஸ்பெயின் முறைப்படி அது பெண்ணுக்கும் போகும். 1943இல் ஹென்றி மாண்டபோது ஆங்கிலப் பட்டம் சித்தப்பாவுக்கும், ஸ்பானியப் பட்டம் ஹென்றியின் அக்கா ஆனுக்கும் பிரிந்து போயின. பிறகு ஆன் அதைச் சித்தப்பாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் அவர் வகித்த 7 அவருடையதுதான். அதனால் இன்றைய டியூக் லண்டனில் ஒன்பதாமவர், மாட்ரிட்டில் பத்தாமவர்.

பட்டத்தை வேண்டாம் என்று சொன்னாலும் எண் போகாது. 1963 வரை வாரிசுப் பட்டத்தை உதறவே வழி இல்லாமல் இருந்தது. தொழிற்கட்சியின் டோனி பென், அப்பா 1960இல் இறந்ததும் 2ஆம் விஸ்கவுண்ட் ஸ்டான்ஸ்கேட் ஆகி, அதனாலேயே காமன்ஸ் சபை இடத்தை இழந்தார். மூன்று ஆண்டுகள் போராடினார். 1963 ஜூலை 31இல் சட்டம் வந்த அன்றே பட்டத்தைத் துறந்தார். ஆனால் துறப்பு அவருடைய ஆயுளுக்கு மட்டும்தான். 2014இல் அவர் மறைந்ததும் மகன் 3ஆம் விஸ்கவுண்ட் ஆனார். வேண்டாம் என்றவரின் 2 அவரிடமே நின்றது.

அதே ஆண்டு அக்டோபரில் 14ஆம் ஹோம் ஏர்ல் பிரதமரானார். காமன்ஸ் சபைக்கு வருவதற்காகப் பட்டத்தைத் துறந்து சர் அலெக் டக்ளஸ் ஹோம் ஆனார். எதிர்க்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் விடவில்லை. அரை நூற்றாண்டு மக்களாட்சி வளர்ச்சி ஒரு பதினான்காம் ஏர்லிடம் வந்து முட்டி நிற்கிறதே என்று மேடையில் அந்த எண்ணைப் பிடித்து அடித்தார். ஹோம் தொலைக்காட்சியில் அமைதியாகப் பதில் சொன்னார். யோசித்துப் பார்த்தால் திரு. வில்சனும் பதினான்காம் திரு. வில்சனாகத்தானே இருப்பார் என்றார். அந்தப் பதிலில் ஓர் உண்மை இருக்கிறது. எல்லாருக்கும் பதினான்கு தலைமுறை முன்னோர் இருக்கிறார்கள், சிலருடைய வரிசையைத்தான் ஒருவர் உட்கார்ந்து எண்ணி வைத்திருக்கிறார். ஆனாலும் வில்சன் தொட்ட புண் உண்மையானது என்றே நான் நினைக்கிறேன். வில்சனின் முன்னோருக்கு நாடாளுமன்றத்தில் பிறப்பால் நாற்காலி போட்டிருக்கவில்லை. எண்ணப்படுவதே ஓர் உரிமையாக இருந்தது, அந்த உரிமை சில வீடுகளுக்கு மட்டும் கிடைத்தது. 1999இல் வந்த சட்டம்தான் வாரிசுப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்களை அவையிலிருந்து வெளியேற்றியது.

ஆயுள் பட்டம் பெற்ற பிரபுக்களுக்கு எண்ணே தேவையில்லை. அவரோடு முடிகிற பட்டத்தில் இரண்டாமவர் வர வழியில்லையே. ஹோம் 1974இல் இப்படி ஓர் ஆயுள் பட்டத்தோடு பிரபுக்கள் சபைக்குத் திரும்பினார். எடின்பரோ டியூக் பட்டமும் இப்போது அப்படித்தான். 1947இல் பிலிப்புக்குத் தரப்பட்ட பட்டம் 2021இல் அவர் மறைந்ததும் மூத்த மகன் சார்லஸுக்கு இறங்கியது. 2022இல் அவர் அரசரானார். அரசரே தமக்குக் கீழ்ப்பட்ட பிரபுவாக இருக்க முடியாது என்பதால் பட்டம் அரியணையில் கரைந்துபோனது. 2023இல் தம்பி எட்வர்டுக்குப் புதிதாகத் தந்தார், ஆயுள் வரைக்கும் மட்டும்.

இவ்வளவு சிக்கலைத் தாங்குகிற அந்த எண் பட்டத்தின் பகுதியே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நார்ஃபோக் டியூக் ‘நார்ஃபோக்’ என்று மட்டும்தான் கையெழுத்திடுவார். உறையின் மேல் எண் எழுதுவதில்லை, நேரில் அழைக்கும்போதும் சொல்வதில்லை. உயிரோடு இருப்பவர் எப்போதும் ஒருவர்தான், அவரைப் பிரித்துக் காட்ட எண் வேண்டியதில்லை. இறந்தவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்தறியவே அது வேண்டும். வரலாற்றாசிரியர்களும் பிரபுக்கள் கையேடு தொகுக்கிறவர்களும் போட்ட அடையாளம் இது. அதனால்தான் லோவாட் போன்ற இடங்களில் ஆளுக்கு ஒரு கணக்கு இருக்க முடிகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு ஒரு குடும்பத்தைச் சொல்ல வேண்டும். ஜோசையா ஸ்டாம்ப் எளிய வீட்டில் பிறந்து, வரித்துறையில் சாதாரண எழுத்தராகச் சேர்ந்து, நாட்டின் பெரிய பொருளியலாளர்களில் ஒருவராக உயர்ந்தவர். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் இயக்குநர், பெரிய ரயில்வே நிறுவனம் ஒன்றின் தலைவர். 1938இல் 1ஆம் பாரன் ஸ்டாம்ப் ஆனார். 1941 ஏப்ரல் 16 இரவு லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஷார்ட்லண்ட்ஸ் பகுதியில் அவர் வீட்டில் விழுந்த குண்டில் அவரும், மனைவியும், மூத்த மகன் வில்ஃப்ரட்டும் ஒரே நொடியில் இறந்தார்கள். யார் முதலில் போனார் என்று சொல்ல யாராலும் முடியாது. ஆங்கிலேயச் சட்டம் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தது. இறப்பின் வரிசை தெரியாதபோது மூத்தவர் முதலில் இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. அப்பா முதலில் இறந்தார் என்றால், மகன் கண்ணிமைக்கும் நேரமாவது பட்டத்துக்கு உரியவராக இருந்தார். வில்ஃப்ரட் 2ஆம் பாரன் ஸ்டாம்ப். அவருக்கு மகன் இல்லாததால் தம்பி டிரெவர் 3ஆம் பாரன். சொத்தும் அந்த நொடிக்குள் இரண்டு கை மாறியதாகக் கொள்ளப்பட்டு, இறப்பு வரியும் இரண்டு முறை கணக்கிடப்பட்டது.

பட்டியலில் அந்த வரியைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். முதலாமவர் இறந்த ஆண்டு 1941. இரண்டாமவர் பட்டம் ஏற்ற ஆண்டு 1941, இறந்த ஆண்டும் 1941. மூன்றாமவர் பட்டம் ஏற்ற ஆண்டு 1941. அந்த 2 என்ற எண்ணுக்குரியவர் அதை ஒரு மூச்சு நேரம் கூட அறிந்திருக்க மாட்டார். மூன்றாமவரோ ஒரே இரவில் அப்பா, அம்மா, அண்ணன் மூவரையும் பறிகொடுத்துத்தான் அந்த எண்ணுக்கு வந்தார்.

வென்லாக் வரிசையில் 6க்குப் பிறகு எண் இல்லை. 1931இல் பட்டம் ஏற்ற ஆர்தர் லாலி அடுத்த ஆண்டே, 1932இல், காலமானார். நான்கு அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கும் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போக மகன் இருக்கவில்லை. 1839இல் எழுதிய பட்டயம் அத்தோடு முடிந்தது. ஊட்டியில் புல்வெளி மட்டும் அந்தப் பெயரோடு, எண் எதுவும் இல்லாமல், இன்றும் விரிந்து கிடக்கிறது.